ஒரு தெருவில் இரண்டு அளவு

கோடம்பாக்கத்தில் குடியிருக்கிறேன் என்று வெளியூரில் யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும், 'அப்படியா, சினிமாவிலா?' என்று கேட்பார்கள். 'இல்லை ஐயா, வெறும் வீட்டிலே' என்று பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போயிற்று. ஆனாலும் இந்தப் பேட்டையின் பழைய தொழிலிடம் எனக்கு மரியாதை உண்டு. ஸ்டூடியோக்கள் மும்முரமாக இயங்கிய நாட்களில் இங்கே 'செட்' போடும் தொழிலாளிகள் இருந்தார்கள். நாலு பலகை, கொஞ்சம் சாக்கு, ஒரு வாளி வர்ணம். விடிந்தால் அங்கே ஓர் அரண்மனை நிற்கும்! முன்னால் நின்று பார்த்தால் சக்கரவர்த்தி வாழும் மாளிகை; பின்னால் போய்ப் பார்த்தால் முட்டுக் கொடுத்த சவுக்குக் கட்டை.

அவர்களுக்கு நேர் எதிரான வித்தை தெரிந்த கலைஞர் ஒருவர் உண்டு. நிஜமான மாளிகையைக் காகிதத்தில் குடிசையாக்கி விடுவார். பலகை வேண்டாம், வர்ணம் வேண்டாம். ஒரு டேப்பும் ஒரு பேனாவும் போதும். அவர்தான் சொத்து வரி மதிப்பிடும் உத்தியோகஸ்தர். எல்லாரையும் சொல்லவில்லை. வெயிலில் படியேறி, நாய்க்குப் பயந்து, வீட்டுக்காரர் முறைப்பைத் தாங்கி, உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டு போகிறவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு என் வணக்கம். நான் பேசுவது மற்றவர்களைப் பற்றி. 'செட்'காரர் காட்டியது பொய் என்று டிக்கெட் வாங்கியவனுக்குத் தெரியும். இந்தப் பொய்க்கு யார் காசில் டிக்கெட் வாங்கப்படுகிறது என்பதே என் கேள்வி.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்ப்போம். சென்னை நகருக்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆதாரமாக இருந்தது 1919-ம் ஆண்டு மாநகராட்சிச் சட்டம். 2023 ஏப்ரலில் அதன் இடத்துக்குப் புதுச் சட்டம் வந்தது. பழைய சட்டம் சொன்ன தத்துவம் எளிமையானது: ஒரு கட்டடத்தை நியாயமாக வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும்? அதில் பழுதுபார்க்கும் செலவுக்காகப் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடு. மிச்சமே அதன் ஆண்டு மதிப்பு. அதன்மேல் அரையாண்டுக்கு ஒருமுறை வரி. தெருவுக்குத் தெரு சதுர அடிக்கு இவ்வளவு என்று விகிதம் வகுத்து அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அப்படியானால் மதிப்பீட்டாளர் கையில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம்.

நாலு விஷயங்கள் இருக்கின்றன. எத்தனை சதுர அடி? வீடா, கடையா? சொந்தக்காரன் இருக்கிறானா, குடிக்கூலிக்கு விட்டிருக்கிறானா? கட்டடம் என்றைக்கு முடிந்தது? இந்த நாலு கேள்விக்கும் கண்ணால் பார்த்துப் பதில் எழுத வேண்டியவர் அவர். மற்றதெல்லாம் கணக்கு, இந்த நாலு மட்டும் சாட்சியம். சாட்சி பொய் சொன்னால் தீர்ப்பு எப்படி மெய்யாகும்?

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் உதாரணம். 2022-ல் சொத்து வரியை உயர்த்தியபோது சென்னையின் பழைய நகரப் பகுதி வீடுகளுக்குப் பரப்பை வைத்து நாலு படி அமைத்தார்கள். 600 சதுர அடிக்குள் இருந்தால் 50 சதவிகித உயர்வு, 1,200-க்குள் 75, 1,800-க்குள் 100, அதற்கு மேல் 150. ஒரு வீடு 1,205 சதுர அடி என்று வையுங்கள். உயர்வு நூறு சதவிகிதம். டேப்பைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்து 1,195 என்று எழுதிவிட்டால் எழுபத்தைந்து. பத்து சதுர அடி! ஒரு கயிற்றுக் கட்டில் போடும் இடமில்லை. அந்தப் பத்து சதுர அடியில் ஒரு மனிதரின் மனச்சாட்சி விழுந்து படுத்துக்கொள்ளலாம்.

இனி என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு உபதேசம் செய்ய வந்தவன் தன் கணக்கை முதலில் காட்ட வேண்டுமல்லவா?

பல ஆண்டுகளுக்கு முன்னால் வேறோர் ஊரில் எனக்கு ஒரு வீடு இருந்தது. ஊரின் பெயர் வேண்டாம், குற்றம் ஊருடையதல்ல. ஒருநாள் மதிப்பீட்டாளர் வந்தார். நல்ல மனிதர், மென்மையான பேச்சு. என் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "ஸார், நீங்களா! உங்கள் தொடர்கதை வந்துகொண்டிருந்த காலத்தில் பத்திரிகை வருகிற நாளன்று என் சம்சாரம் வாசலிலேயே நிற்பாள்" என்றார். கீழ்த்தளத்தை அளந்தார். மாடிக்கு வந்தார். அங்கே நான் எழுதுகிற அறை. முந்நூறு சதுர அடிக்குக் குறையாது. மேஜையையும் காகிதங்களையும் பார்த்தார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "எழுதுகிற இடத்துக்கு வரி போட்டால் சரஸ்வதி கோபித்துக் கொள்வாள், ஸார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். காபி வரவழைத்துக் கொடுத்தேன்.

ஒரு காசு கைமாறவில்லை. அவர் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை. அது லஞ்சமே அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வீட்டில் ஒரு வயதான அம்மாள், விதவை. திண்ணையில் இரண்டு அடுப்பு வைத்து இட்லி விற்றுப் பிழைத்து வந்தார். என் வீட்டை விட்டு இறங்கியவர் நேரே அங்கே போனார். திண்ணையை அங்குலம் விடாமல் அளந்தார். 'கடை' என்று எழுதினார். வீட்டுக்கு ஒரு விகிதம், வியாபாரத்துக்கு அதைவிடப் பல மடங்கு. சட்டப்படி பார்த்தால் அவர் அங்கே எழுதியது தப்பில்லை. அந்த அம்மாளிடம் சட்டத்தின் எழுத்தைக் காட்டினார். என்னிடம் சட்டத்தின் இதயத்தைக் காட்டினார். ஒரே காலை, ஒரே தெரு, ஒரே டேப்பு!

நோட்டீஸ் வந்த பிறகு அந்த அம்மாள் வேலியோரம் நின்று, "தம்பி, உங்க வீட்டுக்கு எவ்வளவு போட்டிருக்காங்க?" என்று கேட்டார். "ஏதோ போட்டிருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். என் வாழ்நாளில் நான் புனைந்த கதைகளிலேயே மிகச் சிறியது அதுதான். வெட்கப்பட வேண்டியதும் அதுதான்.

இதை ஏன் சொல்கிறேன்? வரி மதிப்பீட்டாளரின் ஒழுக்கம் என்றாலே நாம் லஞ்சத்தை மட்டும் நினைக்கிறோம். கவரை வாங்காதவர் யோக்கியர் என்று தீர்மானித்துவிடுகிறோம். நான் சொல்கிறேன்: சலுகையும் களவுதான். இரக்கத்தால் கொடுத்தாலும், ரசனையால் கொடுத்தாலும், ஜாதிப் பாசத்தாலும் கட்சிப் பயத்தாலும் கொடுத்தாலும் அது களவுதான். அவர் தம் சட்டைப் பையிலிருந்தா எடுத்துக் கொடுத்தார்? 

'சர்க்கார் பணம்தானே' என்பார்கள். சொத்து வரி சர்க்கார் பணம் அல்ல. குப்பை வாருவதும், தெருவிளக்கு எரிவதும், கொசு மருந்து அடிப்பதும், மழைநீர்க் கால்வாய் தூர் வாருவதும் அந்தப் பணத்தில்தான். சென்னை மாநகராட்சி 1688-ல் ஏற்பட்டது, இந்தியாவிலேயே பழையது. கிழக்கிந்தியக் கம்பெனித் துரைமார் நம்மேல் கொண்ட காதலால் அதை ஏற்படுத்தவில்லை. தாமே வரி போட்டால் ஜனங்கள் முணுமுணுக்கிறார்கள். ஊராரே கூடி ஊராருக்கு வரி விதித்துக்கொண்டால் மனம் ஒப்பிக் கொடுப்பார்கள் என்று வியாபாரிக்கே உரிய புத்தியோடு கணக்குப் போட்டார்கள். கணக்கு என்னவோ சரிதான்! பக்கத்து வீட்டானும் தன் பங்கைக் கொடுக்கிறான் என்று நம்புகிறவரை மனிதன் கொடுப்பான். அந்த நம்பிக்கையைக் காப்பவரோ உடைப்பவரோ மதிப்பீட்டாளர்தான்.

குறைத்துப் போட்ட பணம் காற்றிலா போகிறது? அது சுற்றிக்கொண்டு வேறொருவர் வாசலில் வந்து நிற்கிறது. 1998-க்குப் பிறகு இருபது ஆண்டுகள் சென்னையில் பொதுத் திருத்தமே இல்லை. 2018-ல் உயர்த்தினார்கள், எதிர்ப்பு வந்தது, 2019 நவம்பரில் நிறுத்தினார்கள், 2022-ல் மறுபடி உயர்த்தினார்கள், 2024-ல் இன்னும் ஆறு சதவிகிதம். ஒவ்வொரு உயர்வும் புத்தகத்தில் ஏற்கனவே இருக்கிற தொகையின் மேல்தான் ஏறுகிறது. உள்ளபடி எழுதப்பட்டவனுக்கு மெய்யின்மேல் உயர்வு. குறைத்து எழுதப்பட்டவனுக்குப் பொய்யின்மேல் உயர்வு. ஒருநாள் செய்த சலுகை வட்டி போட்டு வளர்கிறது.

வரியைப் பற்றிப் பேசினாலே நம்மவர்கள் பிசிராந்தையார் பாண்டியனுக்குச் சொன்ன யானைக் கதையை எடுத்துவிடுவார்கள். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானைக்கு நெடுநாள் வரும். யானையே வயலில் புகுந்தால் தின்பதைவிட மிதிபட்டு அழிவதே அதிகம் என்ற புறநானூற்று உபதேசம். அருமையான உபதேசம்தான். ஆனால் அது அரசனுக்குச் சொன்னது. நான் யானைப் பாகனைப் பற்றிக் கேட்கிறேன். யானை எவன் வயலில் புகுந்தது என்பதைப் போலவே, எவன் வயலைப் பார்த்து விலகிப் போயிற்று என்பதையும் விசாரிக்க வேண்டாமா?

இதற்கு உத்தியோகஸ்தர்கள் தரப்பில் ஒரு பதில் உண்டு, அதையும் கேட்போம். 'மேலே இருப்பவர்கள் வசூலைக் கூட்டு என்கிறார்கள். வார்டில் செல்வாக்குள்ளவர்கள் குறை என்கிறார்கள். நடுவில் நாங்கள் என்ன செய்வது?' கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு பேருக்குமே அவர் வேலைக்காரர் அல்ல என்பதை அவர் மறந்துவிடுகிறார். தண்டல் வேறு, மதிப்பீடு வேறு. தண்டுகிறவன் கஜானாவுக்காக உழைக்கலாம். மதிப்பிடுகிறவன் யாருக்காகவும் உழைக்கக் கூடாது. 1970-ல் உச்ச நீதிமன்றம் குண்டூர் நகராட்சி வழக்கில் இதற்கு ஒரு வழி காட்டியது. வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி நியாய வாடகையை நிர்ணயிக்காத வீடுகளுக்கு நாங்கள் இஷ்டப்படி மதிப்புப் போடலாம் என்றது நகராட்சி. கூடாது என்றது நீதிமன்றம். யாரும் நிர்ணயித்துத் தரவில்லை என்பது சாக்கல்ல. நியாய வாடகைச் சட்டத்தின் நெறிகளைக் கைக்கொண்டு நீயே கணக்கிடு என்றது. இதன் பொருள் என்ன? மதிப்பீட்டாளர் ஒரு குட்டி நீதிபதி. கறுப்பு அங்கி கிடையாது, நாற்காலி கிடையாது, மோட்டார் சைக்கிள்தான் அவர் நீதிமன்றம். ஆனாலும் நீதிபதி!

நீதிபதிக்குரிய மற்றொரு கடமை பதில் சொல்வது. இதற்கு வெளியூர் போக வேண்டாம். எங்கள் ஆற்காடு சாலையிலேயே உதாரணம் இருக்கிறது. நடிகர் ரஜினிகாந்தின் ராகவேந்திரா கல்யாண மண்டபத்துக்கு 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அரையாண்டுக்கு ஆறரை லட்சம் ரூபாய் சொத்து வரி கேட்கப்பட்டது. கொரோனா ஊரடங்கால் மண்டபம் மார்ச் கடைசியிலிருந்து வாடகைக்குப் போகவில்லை. கட்டடம் தொடர்ந்து முப்பது நாளோ அதற்கு மேலோ வாடகைக்குப் போகாமல் காலியாகக் கிடந்தால், அந்த நாட்களுக்கு ஏற்றபடி பாதி வரை வரியைத் தள்ளிக் கொடுக்கப் பழைய சட்டத்தில் இடம் இருந்தது. அவர் செப்டம்பரில் மாநகராட்சிக்கு எழுதினார். பதில் வருவதற்குள் உயர் நீதிமன்றம் போனார். அதிகாரி முடிவு செய்ய அவகாசம் கொடுக்காமல் இங்கே ஏன் வந்தீர்கள், செலவுத் தொகை விதிக்க நேரும் என்று நீதிபதி எச்சரித்தார். வழக்கை வாபஸ் வாங்கினார். அபராதத்தோடு வரியைக் கட்டினார். மாநகராட்சியிடமே மேல்முறையீடு செய்திருக்கலாம், அனுபவமே பாடம் என்று எழுதினார். ஊர் சிரித்தது.

நானும் சிரித்தேன். பிறகு யோசித்தேன். அதே ஆறு மாதம் இந்தச் சாலையில் எத்தனை தையற்கடை, எத்தனை டிபன் கடை, எத்தனை சின்ன ஹால் பூட்டிக் கிடந்தன! அவர்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு சலுகை சட்டத்தில் இருந்ததே தெரியும்? உயர் நீதிமன்றம் வரை போய்த் திரும்பிவரும் சக்தி நட்சத்திரத்துக்கு உண்டு. தையற்காரருக்கு எது நீதிமன்றம்? வாசலுக்கு வந்து போகும் அந்த மதிப்பீட்டாளர்தான். 'உனக்கு இந்தச் சலுகை உண்டு, எழுதிக் கொடு' என்று அவர் வாய் திறந்து சொன்னால் நீதி. சொல்லாமல் போனால் அநீதி. ஆக, சட்டத்தில் இல்லாத சலுகையைக் கொடுப்பது ஒரு குற்றமென்றால், சட்டத்தில் இருக்கும் சலுகையை மறைப்பது இன்னொரு குற்றம். இரண்டையும் ஒரே மனிதர் ஒரே நாளில் செய்ய முடியும் என்பதற்கு என் பழைய தெருவே சாட்சி. அந்த அம்மாளிடம் மேல்முறையீடு என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை.

'மனிதனை நம்பினால்தானே இந்த வம்பு? எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. வானத்திலிருந்தே வீட்டை அளக்கிறார்கள்' என்கிறார்கள் இளைஞர்கள். நல்லது. மதுரையைப் பாருங்கள். அங்கேயும் கம்ப்யூட்டர்தான். அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்திப் பல கட்டடங்களின் வரியை முறைகேடாகக் குறைத்திருக்கிறார்கள் என்று 2024-ல் மாநகராட்சியே போலீஸில் புகார் கொடுத்தது. 2025-ல் கைதுகள் நடந்தன. மண்டலத் தலைவர்கள் விலகினார்கள். அக்டோபரில் மேயரும் பதவி விலகினார். குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: பூட்டு மாறினால் திருட்டு நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். முன்பு டேப்பு தளர்ந்தது. இப்போது விசைப்பலகை தளர்கிறது.

யாரும் திருடாவிட்டாலும் கூட அநீதி நடக்கும். அமெரிக்காவில் சிகாகோ நகரம் அடங்கிய குக் கவுண்டியில் சொத்து மதிப்பீடுகளை 2017-ல் ஒரு நாளேடு தோண்டிப் பார்த்தது. விலை உயர்ந்த வீடுகள் குறைவாகவும், ஏழைகளின் வீடுகள் அதிகமாகவும் மதிப்பிடப்பட்டிருந்தன. கணக்கிட்டது இயந்திரம். அதோடு, வசதியுள்ளவன் வக்கீல் வைத்து அப்பீல் செய்து குறைத்துக்கொண்டான். ஏழை நோட்டீஸைப் பார்த்துப் பணம் கட்டினான். தேர்தலில் வந்த பதவி அது. அந்த மதிப்பீட்டாளர் 2018-ல் தம் கட்சியின் உட்தேர்தலிலேயே தோற்றார். இயந்திரம் தப்பாகக் கணக்கிடுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லவும் ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதருக்கு ஒழுக்கமும் வேண்டும்.

அந்த நாட்டிலேயே 1934-ல் மதிப்பீட்டாளர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தார்கள். இன்று பல தேசத்தாரும் சேர்ந்திருக்கும் அந்தச் சங்கத்துக்கு ஓர் ஒழுக்க விதி இருக்கிறது. டாக்டருக்கு விதி உண்டு, வக்கீலுக்கு விதி உண்டு. மதிப்பீட்டாளருக்கு மட்டும் ஏன் கூடாது? மேலே இருந்து வரும் சுற்றறிக்கை ஒழுக்கமாகாது. தாங்களே கூடி, தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொள்வதுதான் ஒழுக்கம்.

நான் கேட்பது பெரிய வேதாந்தம் அல்ல. உறவினர் வீட்டையும் சிநேகிதர் வீட்டையும் நான் அளக்க மாட்டேன், வேறொருவரை அனுப்புங்கள் என்று சொல்லட்டும். வீட்டுக்காரர் கண்ணெதிரே அளந்து, அளவை அங்கேயே எழுதி, அவர் கையில் ஒரு பிரதி கொடுக்கட்டும். கூட்டினாலும் குறைத்தாலும் ஏன் என்று ஒரு வரி காரணம் எழுதட்டும்; காரணம் எழுத முடியாத குறைப்பு எதுவோ அது களவு. பகலில் மதிப்பீடு, மாலையில் 'நான் குறைத்துத் தருகிறேன்' என்னும் ஆலோசனைத் தொழில் என்று இரட்டை வேஷம் போடாதிருக்கட்டும். ஜனங்களுக்குச் சட்டத்தில் உள்ள சலுகையைக் கேளாமலே சொல்லட்டும். இவற்றோடு, ஒவ்வொரு தெருவின் மதிப்பீட்டுப் பட்டியலையும் எந்த வீடு எத்தனை சதுர அடி, எந்த வகை என்று அந்தத் தெருவார் சேர்ந்தாற்போல் பார்க்கும்படி வெளியிடட்டும். இப்படி நேர்மையாக நடக்கும் மதிப்பீட்டாளரை வார்டு பெரியமனிதர் கோபித்துக்கொண்டார் என்பதற்காகத் தண்ணீரில்லாக் காட்டுக்கு மாற்றாமலிருப்பது மேலதிகாரிகளின் ஒழுக்கம்.

நம் ஒழுக்கம் என்ன? அதைச் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நோட்டீஸ் வந்து ஒரு வருஷம் என் மாடி அறையில் எழுத்து ஓடவில்லை என்று சொன்னால் அது பொய், ஓடிற்று. ஆனால் வேலியோரம் போக மட்டும் கூசினேன். கடைசியில் ஒருநாள் மனு எழுதினேன்: என் வீட்டின் மாடி அறை கணக்கில் விட்டுப்போயிருக்கிறது, அளந்து சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. அலுவலகத்தில் குமாஸ்தா இரண்டு தடவை படித்துவிட்டு, "ஸார், அதிகமாகப் போட்டதைக் குறைக்கணும் என்பதை மாற்றி எழுதிவிட்டீர்களா?" என்று பரிவோடு கேட்டார். இல்லை என்றேன். வரியைக் கூட்டச் சொல்லும் மனுவுக்கு எந்தப் பதிவேடு என்று அவருக்குத் தெரியவில்லை. நாலு மேஜை சுற்றியது. மூன்று மாதம் கழித்து வேறொருவர் வந்து அளந்தார். வித்தியாசத்தைக் கட்டினேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை; கடனைக் கட்டியவனுக்கு யாராவது மாலை போடுவார்களா?

பிறகு வேலியோரம் போய் அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நானும் போய்க் கேட்டிருப்பேனே, தம்பி" என்றார். அவ்வளவுதான். துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.